கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் அதே தென்னந்தோப்புதான், சட்டம்தான் வேறு. கேரளத்தின் சித்தூர்ப் பக்கம் பாளையைச் சீவிக் கலயம் கட்டி இறக்கும் கள், லைசென்ஸ் எடுத்த கடைகளுக்குப் போய்க் காசாகிறது. இந்தப் பக்கம் 1987 முதல் தடை. சொந்த மரத்தில் இறக்கினாலும் வழக்கு. குடி கெடுதல் என்றுதான் தடை என்றால் சரி, ஆனால் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறதே, தடை போடுகிற அரசே கடையும் நடத்துகிறது, போட்டிக்கு வரும் விவசாயிக்கு மட்டும் போலீஸ் வருகிறது. புளிக்காத தென்னஞ்சாறான நீராவுக்கு அனுமதி உண்டு, ஆனால் அதைப் புளிக்காமல் குளிரில் வைக்கும் செலவு சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. கேரளத்திலும் முழுச் சுதந்திரம் இல்லைதான். இருந்தாலும் தேங்காய் விலை விழும்போது அங்கே இன்னொரு வருமானம் இருக்கிறது. கலப்படம் செய்தால் பிடிக்கட்டும், மரம் ஏறுவதை எதற்குத் தடுக்க வேண்டும்?