முந்திரிப் பாலா, தேங்காய்ப் பாலா: மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தால்

என் மகளுக்குப் பால் புரதம் ஒத்துக்கொள்ளாது. எனக்கு லாக்டோஸ், அதாவது பாலில் இருக்கிற சர்க்கரை, செரிக்காது. கேட்க ரெண்டும் ஒன்று மாதிரி இருக்கும். எனக்கு ஒரு டம்ளர் பால் உள்ளே போனால் வயிறு உப்பிக்கொண்டு பொருமும், மறுநாள் சரியாகிவிடும். லாக்டோஸ் நீக்கிய பால் என்றால் அந்தத் தொல்லையும் இல்லை. அவள் கதை வேறு. கேசின், வே என்று பாலில் இருக்கிற புரதமே அவளுக்கு ஆகாது. ஒரு ஸ்பூன் தயிர் போதும், உதடு தடித்து உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்துவிடும். லாக்டோஸ் நீக்கிய ஐஸ்கிரீமிலும் அந்தப் புரதம் அப்படியே இருப்பதால், அதை நான் சாப்பிடலாம், அவள் தொடக்கூடாது. இரண்டு பேருக்கும் ஒரே டப்பாவில் முடிகிற மாதிரி ஐஸ்கிரீமை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று ஆரம்பித்தோம். இது மூன்றாவது கோடை.

கடையில் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று அச்சடித்த கப்பைப் பார்த்து, ஐஸ்கிரீம் என்று போடவில்லையே, அப்போது பால் இருக்காது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் நினைத்தேன். நம் நாட்டு விதிப்படி பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் அதை ஐஸ்கிரீம் என்று விற்கக்கூடாது, அதனால் இந்தப் பெயர். மாற்றியது கொழுப்பை மட்டும்தான். பால் திடப்பொருளும் அதிலிருக்கும் புரதமும் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். அப்படி இருந்தால், கப்பைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் பால் என்று போட்டிருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பாலுக்குப் பதில் எது? ஓட்ஸ் பால் வீட்டில் அரைத்தால் கொழகொழவென்று வருகிறது, உறைந்த பிறகு கஞ்சி வாசனை போகவில்லை. சோயா பால் இரண்டே முறைதான் செய்தேன். பச்சைப் பயறு வாடை மாதிரி ஒன்று வெனிலாவையும் மீறி வந்தது. கை பழகியவர்கள் நன்றாகவே செய்யக்கூடும், என் இரண்டு முறையை வைத்து அதைத் தள்ளிவிட வேண்டாம். வாழைப்பழத்தை நறுக்கி உறையவைத்து மிக்ஸியில் அடிப்பது எல்லாவற்றிலும் சுலபம், குழந்தைக்கும் பிடிக்கும். ஆனால் எதைச் சேர்த்தாலும் வாழைப்பழ ஐஸ்தான் கிடைக்கும், அன்றைக்கே தின்று முடிக்கவும் வேண்டும். கடைசியில் களத்தில் நின்றது இரண்டு: தேங்காய்ப் பால், முந்திரிப் பால்.

நான் முந்திரிக் கட்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு என்று பார்த்தால் தேங்காய்தான், அதில் பேச்சே இல்லை. இரண்டு முற்றிய காயைத் துருவி வெந்நீர் ஊற்றிப் பிழிந்தால் 400 மில்லி கெட்டிப் பால் வரும். முந்திரிக்கு அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும், அதிலும் உடைசல் வாங்கினால்தான் கட்டுப்படியாகும். எப்படியும் அரைக்கத்தானே போகிறோம், முழுப் பருப்பு எதற்கு? உழைப்பில் முந்திரி முந்துகிறது: ஊறப்போடு, அரை, முடிந்தது. வடிகட்டக்கூட வேண்டாம். தேங்காய்க்குத் துருவ வேண்டும், பிழிய வேண்டும், சக்கையை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும்.

செய்த அன்றைக்கு ருசி பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். எங்கள் அம்மாவுக்குத் தேங்காய்தான் ஒரு படி மேல். முதல் கோடை முழுக்க நான் அந்த முதல் நாள் ருசியை வைத்தேதான் முடிவெடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டு ஐஸ்கிரீமை யாராவது அன்றைக்கே தீர்க்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை செய்வோம், புதன்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் கேட்பாள். புதன்கிழமை டப்பாவைத் திறக்கும்போது என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

போன வருடம் ஏப்ரலில் ஒரே நாளில் இரண்டையும் செய்து, ஒரே அளவு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஃப்ரீசரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் வெனிலா, சர்க்கரையும் ஒரே அளவு. மறுநாள் இரண்டும் நன்றாகவே இருந்தன. அதற்கடுத்த நாள் மதியம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. புதன்கிழமை எடுத்தபோது தேங்காய் டப்பாவில் கரண்டி இறங்கவில்லை. கத்தியால் ஓரத்தை நெம்பினால் பாளமாகப் பெயர்ந்தது, வாயில் போட்டால் நறநறவென்று பனிக்கட்டி. அது உருகிப் போன பிறகும் மேலண்ணத்தில் மெழுகு தடவிய மாதிரி ஒரு படலம் நின்றது. முந்திரி டப்பாவை வெளியில் எடுத்துப் பத்து நிமிடம் வைத்தேன், கரண்டி இறங்கியது. ஓரங்களில் மட்டும் கொஞ்சம் பனித்துகள். அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு காரணம். ஒன்று, கொழுப்பு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாதே, அதே சங்கதிதான். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் அது கல். நாக்கே ஐஸ்கிரீமால் சில்லிட்டுப் போயிருக்கும்போது உடனே இளகுவதும் இல்லை, மெழுகு மாதிரி ஒட்டுவது அதனால்தான். முந்திரியின் கொழுப்பில் பெரும்பங்கு கடலை எண்ணெய் போல சாதாரண வெப்பத்தில் திரவமாக நிற்கும் ஜாதி. அது அந்த அளவுக்கு இறுகுவதில்லை.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது: தண்ணீரைப் பிடித்து வைப்பது. பனி கட்டாத ஃபிரிட்ஜ் என்று நாம் வாங்குகிறோமே, அது பனியைக் கரைக்க அவ்வப்போது உள்ளே குளிர்க்குழாயைச் சூடாக்குகிறது. அந்த நேரத்தில் ஃப்ரீசர் கொஞ்சம் சூடேறி மறுபடி குளிரும். ஒவ்வொரு முறையும் பொடிப் பனித்துகள் உருகிப் பக்கத்திலிருக்கும் பெரிய துகளோடு சேர்ந்து உறையும். பெரிசு இன்னும் பெரிசாகும். கரண்ட் போனால் இதே வேலை ஒரே நாளில் மொத்தமாக நடந்துவிடும். இதை அடியோடு நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். தண்ணீர் குழம்பு மாதிரி கெட்டிப்பட்டிருந்தால் சுலபமாக நகர்ந்து போய்ப் பெரிய துகளோடு ஒட்டாது. கடை ஐஸ்கிரீமில் கொத்தவரை விதைப் பிசின் போன்றவற்றைச் சேர்ப்பது இதற்காகத்தான். முந்திரிக்குள் இந்த வேலைக்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறது. மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து வருகிற பருப்பு அது. காய்ச்சினால் அந்த மாவுச்சத்து வெந்து கெட்டிப்படும். தேங்காய்ப் பாலில் கொழுப்பு இருக்கும், தண்ணீர் இருக்கும், கட்டி வைக்கிற ஆள் இல்லை.

அதனால் முந்திரியில் காய்ச்சுவதுதான் எல்லாம். பச்சையாக அரைத்து நேராக உறையவைக்கச் சொல்லும் செய்முறைகள் நிறைய. அப்படி நானும் செய்திருக்கிறேன், மூன்றாம் நாள் அதுவும் பாளம்தான். இப்போது நான் செய்வது: 150 கிராம் உடைசல் முந்திரி நாலு மணி நேரம் ஊறட்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு 450 மில்லி புதுத் தண்ணீரில் விழுதாக அரைக்க வேண்டும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறப்பு இருக்கக்கூடாது, இருந்தால் மறுபடி ஒரு சுற்று. 110 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி குளுக்கோஸ் பவுடர், இரண்டு சிட்டிகை உப்பு. அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் முதலில் பால் மாதிரி இருப்பது சட்டென்று கனத்து, கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும். அதில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடக்கூடாது. அப்போது இறக்கிவிடலாம். நடுவில் போன் எடுக்கப் போனால் அடிப்பிடித்துவிடும், அந்தத் தீய்ந்த வாசனையை எதுவும் மறைக்காது.

குளுக்கோஸ் எதற்கு என்று கேட்பீர்கள். இனிப்பு எதுவானாலும் தண்ணீர் உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்கும். குளுக்கோஸின் மூலக்கூறு சிறியது, அதே எடைக்குச் சர்க்கரையைவிட அதிகம் இறக்கும், இனிப்பும் குறைவு. ஐஸ்கிரீம் திகட்டாமல் மெத்தென்று இருக்க இதுதான் மலிவான வழி. எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை போட்டதை எடுத்துவிடாதீர்கள், வெறும் குளுக்கோஸ் பாருங்கள்.

ஆறியதும் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவிட்டு, கட்டிகளைப் பத்து நிமிடம் வெளியே வைத்து, மிக்ஸியில் விட்டு விட்டு அடித்து, டப்பாவில் அமுக்கி, மேலே பட்டர் பேப்பரை ஒட்டினாற்போல் போட்டு, ஃப்ரீசரில் கடைசி மூலையில். கதவோரம் வேண்டாம். ஐஸ்கிரீம் மெஷின் என்னிடம் இல்லை. நண்பரிடம் ஒரு தடவை இரவல் வாங்கிச் செய்ததில் முதல் நாள் ரொம்பவே நன்றாக வந்தது, ஆனால் வந்திருந்தவர்கள் அன்றைக்கே தீர்த்துவிட்டதால் மூன்றாம் நாள் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வழியில்லை.

தேங்காயைக் காப்பாற்றவே முடியாதா? முடியும். இரண்டாம் பாலில் இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசி மாவைக் கரைத்துக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, அடுப்பை அணைத்த பிறகு முதல் பாலை ஊற்றிக் கலக்க வேண்டும். பாயசத்துக்குச் செய்கிற அதே முறைதான். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும். இப்படிச் செய்தது மூன்றாம் நாளும் கரண்டிக்கு வளைந்து கொடுத்தது. மேலண்ணத்து மெழுகு மட்டும் குறைந்ததே தவிர முழுசாகப் போகவில்லை. கொத்தவரைப் பிசினையும் போட்டுப் பார்த்தேன். அரை டீஸ்பூனைத் தாண்டினால் வெண்டைக்காய் வழவழப்பு.

அதோடு தேங்காய் தன் ருசியை எங்கேயும் விட்டுக்கொடுக்காது. கருப்பட்டி, பலாப்பழம், இளநீர் வழுக்கை, ஏலக்காய் என்றால் அது பலம். காபியோ வெனிலாவோ போட்டால் தேங்காய் காபி, தேங்காய் வெனிலாதான். முந்திரி அடக்கமானது. டிகாஷன் ஊற்றினால் காபியாகவே இருக்கும், கோகோ போட்டால் சாக்லேட். சாக்லேட் கட்டிக்குப் பதில் நான் கோகோ பவுடரே போடுகிறேன், டார்க் சாக்லேட் என்று விற்பதிலும் பால் ஒட்டிக்கொண்டு வருவது உண்டு.

பிழியச் சோம்பல்பட்டுத் தேங்காய்ப் பால் பவுடர் வாங்கியதையும் சொல்ல வேண்டும். தேங்காயில் பால் எங்கிருந்து வரும் என்று பாக்கெட்டைப் படிக்காமலே கரைத்தேன். மூன்று ஸ்பூன் சாப்பிட்டிருப்பாள், கண்ணைச் சுற்றி வீங்கிவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்து வைத்திருந்த மருந்தைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். திரும்பி வந்து பாக்கெட்டைப் பார்த்தால் ‘சோடியம் கேசினேட்’. பால் புரதம்தான், தண்ணீரில் நன்றாகக் கரைய வேண்டும் என்று சேர்க்கிறார்கள். கீழே ஒவ்வாமைக் குறிப்பில் பால் என்றும் இருந்தது. தப்பு என்னுடையது. எல்லாப் பவுடரிலும் இது இருக்காது, ஆனால் படிக்காமல் பிரிக்காதீர்கள்.

இப்போது முந்திரியின் பெரிய குறை. அதுவே பலருக்கு ஆகாது, ஆகாதவர்களுக்கு ரொம்பவே ஆகாது. பாலை விட்டுவிட்டு முந்திரிக்குப் போவது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமில்லை. எங்கள் மகளுக்குப் பரிசோதனை செய்து, மருத்துவர் சரி என்ற பிறகுதான் ஆரம்பித்தோம். முந்திரி ஆகாதவர்கள் பிஸ்தாவிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், இரண்டும் ஒரே குடும்பம். அப்படிப்பட்ட வீட்டில் நான் மேலே அளந்ததெல்லாம் செல்லாது. ஜவ்வரிசி போட்ட தேங்காய்தான், கண்ணை மூடிக்கொண்டு.

என் அக்கா மகனுக்கு முந்திரி ஆகாது. மே மாதம் பத்து நாள் இங்கே வந்து இருப்பான். அந்தப் பத்து நாளும் வீட்டில் முந்திரிக்கு விடுமுறை, ஃப்ரீசரில் கருப்பட்டித் தேங்காய் குச்சி ஐஸ் மட்டும். குச்சி ஐஸ் என்றால் கரண்டி இறங்குகிறதா என்ற கேள்வியே வராது, இறுகியிருந்தால்தான் கடித்துத் தின்ன நன்றாக இருக்கும். தேங்காய்க்கென்று தனி மிக்ஸி ஜார் வாங்கி, மூடியில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறோம். அதில் முந்திரி அரைக்கக்கூடாது என்பது வேலைக்கு வரும் அக்கா உட்பட வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போன வாரம் அவசரத்தில் அதை எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டது என் மகள்தான்.