ஆறு வருஷம் பவர்சாவோடு: வெட்டு அருமை, எண்ணெய்தான் வயிற்றெரிச்சல்

போன செவ்வாய்க்கிழமைதான் என் பவர்சா, அதாவது மரம் அறுக்கும் செயின் வாள், ரிப்பேரிலிருந்து திரும்பி வந்தது. மூன்று வாரக் காத்திருப்பு, 1,650 ரூபாய் செலவு. வந்த அன்றைக்கே கூக்கல்துறையிலிருந்து தெரிந்த தம்பி ஒருவன் போன் பண்ணி, "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே மாடல் இப்ப மூவாயிரம் குறைஞ்சிருக்கு, வாங்கட்டுமா?" என்று கேட்டான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் கோத்தகிரி, குன்னூர் பக்கம் இதே யோசனையில் இருக்கும் தோட்டக்காரர்கள் நிறைய பேர்.

45 சிசி, 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), டூ ஸ்ட்ரோக். மற்றதெல்லாம் கடையிலேயே சொல்வார்கள். கம்பெனி பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை எல்லாக் கம்பெனிக்கும் பொது.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்த வாரம் எங்கள் ஊர் ரோட்டில் நாலு கற்பூர மரம் (யூகலிப்டஸ்) குறுக்கே விழுந்தது. காலையிலிருந்து கோடாலியும் இரண்டு பேர் இழுக்கும் வாளுமாகப் போராடி, மத்தியானம் வரை ஒரு மரத்தில் பாதி கூட முடியவில்லை. தீயணைப்புத் துறை வண்டி வந்து பவர்சாவை இறக்கியது, அரை மணியில் ரோடு திறந்துவிட்டது. அடுத்த மாதமே நானும் ஒன்று வாங்கினேன். இன்றுவரை அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குளிர்காலக் காலையில் நாலாவது இழுப்பில் எடுத்துவிடும். ஆறாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிசு என்பதால் சமவெளியில் ட்யூன் பண்ணிய கார்புரேட்டர் இங்கே புகையாகக் கக்கும். அதை நம் ஊரிலேயே ஒரு தடவை சரிபண்ணிக்கொண்டால் போதும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும், அதனால் டூ ஸ்ட்ரோக் ஆயிலோடு மிக்ஸ் பண்ணி மாதக்கணக்கில் கேனில் வைக்காதீர்கள். நான் ஒரு வாரத்துக்கு வேண்டியதைத்தான் கலக்குகிறேன். செயினை மட்டும் ஒவ்வொரு டாங்க் பெட்ரோலுக்கும் ஒரு தடவை அரம் போட்டுவிட்டால் ஈரச் சீகை (வாட்டில்) மரத்தில் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். தூள் மாவாக விழுந்தால் செயின் மழுங்கிவிட்டது, துருவிய தேங்காய் போல விழுந்தால் சரியாக இருக்கிறது. அவ்வளவுதான் கணக்கு.

இனி எண்ணெய்.

இந்த மிஷினில் இரண்டு தொட்டி. ஒன்று பெட்ரோலுக்கு, இன்னொன்று செயின் ஆயிலுக்கு. செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பாரைச் சுற்றுகிறது, எண்ணெய் இல்லாவிட்டால் பார் நீலம் பாய்ந்து கெட்டுவிடும். ஒரு பம்ப் எண்ணெயை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த எண்ணெய் எங்கே போகிறது? பைக்கில் இன்ஜின் ஆயில் உள்ளேயே சுற்றும், கறுத்த பிறகு வடித்து மாற்றுகிறோம். இதில் திரும்பி வரும் வழியே கிடையாது. ஊற்றுகிற ஒவ்வொரு சொட்டும் மரத்தூளோடு சேர்ந்து மண்ணில்தான் விழுகிறது. பெட்ரோல் ஒரு டாங்க் தீரும்போது கால் லிட்டர் எண்ணெயும் காலி. எனக்கு இது முதல் வருஷம் உறைக்கவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் சும்மா கொடுக்கும் கழிவு ஆயிலைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன், இங்கே பாதிப் பேர் இன்னும் அதைத்தான் ஊற்றுகிறார்கள்.

தோட்டத்துக்கு மேலே ஒன்றரை ஏக்கரில் சீகை மரம் நிற்கிறது, அதற்கு மேல் மலையின் இயற்கைக் காடான சோலை, நடுவில் ஓடை. ஊருக்குத் தண்ணீர் அதுதான், கீழே இறங்கி பவானியில் சேர்வதும் அதுதான். மேலே முக்கால் ஏக்கரை வெட்டி முடித்து இரண்டு நாள் கழித்து மழை. மறுநாள் காலை போனேன். ஓடைக் கரைச் சேற்றில் காட்டுமாட்டின் குளம்புத் தடம், உள்ளங்கை அகலம், அதில் தேங்கிய தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். ஒரு குச்சியால் தொட்டேன், படலம் கிழிந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. பக்கத்துத் தடத்திலும் அதே. அந்தப் பதினோரு நாளில் நான் ஊற்றியது 16 லிட்டர். அந்தக் கணக்கை அன்றைக்குத்தான் முதல் தடவை போட்டுப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கழிவு ஆயிலைத் தொடவில்லை. ஆஸ்திரியாவில் 1990-களிலேயே மண்ணில் மக்காத செயின் ஆயிலுக்குத் தடை போட்டுவிட்டார்கள், ஐரோப்பாவில் கடுகு இனத்து எண்ணெயில் செய்த செயின் ஆயில் சாதாரணமாகக் கிடைக்கிறது. இங்கே கடை கடையாகக் கேட்டேன், "அப்படி ஒண்ணு இருக்குங்களா?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஆமணக்கெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், பனிக்காலத்தில் தேனாகக் கெட்டியாகி பம்ப் இழுக்கவில்லை. அப்புறம் கடுகெண்ணெய். வேலை செய்கிறது! புகை இல்லை, பார் சூடாகவில்லை, கையில் வழிந்தாலும் சோப்பு போட்டால் போய்விடும். மூன்று வருஷமாக அதுதான். விலை கொஞ்சம் உறுத்தும்.

ஆனால் தாவர எண்ணெய் நின்றால் பிசினாகிவிடும். தென்மேற்கு மழைக்கு இரண்டு மாதம் கொட்டகையில் வைத்துவிட்டு எடுத்தேன், செயின் பாரோடு வார்னிஷ் அடித்த மாதிரி ஒட்டியிருந்தது. நான் அவசரத்தில் அப்படியே ஸ்டார்ட் பண்ணினேன். இறுகிப்போன பம்பைச் சுற்ற முயன்று, அதை ஓட்டும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் பல் இழந்துவிட்டது. மெக்கானிக் கழற்றிக் காட்டினார், மஞ்சள் கோந்து. "இதுல என்னங்க ஊத்துனீங்க?" என்றார். சொன்னேன். "கழிவு ஆயில் ஊத்தியிருந்தா இந்தச் செலவே இல்ல" என்றார். அவர் சொன்னது உண்மை, அதுதான் எனக்கு ஆத்திரம். மண்ணைக் கெடுக்காத எண்ணெயை ஊற்றுகிறவனுக்கு ரிப்பேர் பில், கெடுக்கிறவனுக்கு ஒன்றும் இல்லை. இத்தனை விலை வாங்கும் மிஷினில் அந்தப் பல்சக்கரத்தை உலோகத்தில் போட்டிருக்கலாம். அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு தடவை அந்தக் குளம்புத் தடத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், தப்பில் பாதி என்னுடையது. நிறுத்தி வைக்கும் முன் பாரையும் செயினையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, கொஞ்சம் சாதா செயின் ஆயிலை ஊற்றி இரண்டு நிமிஷம் ஓட்டிவிட்டால் இந்தக் கோந்து கட்டாது. மெக்கானிக்தான் சொல்லிக்கொடுத்தார். இப்போது செய்கிறேன்.

எண்ணெயை இவ்வளவு இழுத்துப் பேச இன்னொரு காரணம் உண்டு. எத்தனை லிட்டர் ஊற்றினேன் என்பதே எத்தனை அவசரப்பட்டேன் என்பதற்கு அளவு. அந்த முக்கால் ஏக்கரை அனுமதி வாங்கித்தான் வெட்டினேன், 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி நம் மலையில் சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும். சீகை அந்நிய மரம், ஒரு காலத்தில் தோல் பதனிடப் பட்டைக்காகவும் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்காகவும் புல்வெளிகளில் மலை மலையாக நட்டது, அதை எடுத்தால் சோலை வந்துவிடும் என்று நம்பினேன். 2022-இல் தமிழக அரசும் அந்நியத் தாவரங்களை அகற்றக் கொள்கை வெளியிட்டது, எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாளால் இழுத்திருந்தால் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். பவர்சா பதினோரு நாளில் முடித்துவிட்டது. வெயில் மண்ணில் நேராக விழுந்தது. அடுத்த ஜூனில் போய்ப் பார்த்தால் புல் முளைத்த மாதிரி சீகைக் கன்று. ஒரு முழச் சதுரத்தில் 64 எண்ணினேன். சீகை விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும், வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும், நான் ஒரே வீச்சில் திறந்துவிட்டேன். போதாததற்கு விழுந்த மரங்களின் கீழே நசுங்கியது என்ன தெரியுமா? சீகை நிழலில் தானாக வந்திருந்த நாவலும் காட்டுச் செண்பகமும், இடுப்பு உயரம். வெட்டும்போது நான் அவற்றைப் பார்க்கவே இல்லை. காதில் மஃப், கண்ணில் கண்ணாடி, கையில் அதிர்வு, அடுத்த மரம், அடுத்த மரம்.

மீதி முக்கால் ஏக்கரை வேறு மாதிரி செய்தேன். முதலில் பவர்சா இல்லாமல் இரண்டு நாள் நடந்து, சோலைக் கன்று நிற்கும் இடமெல்லாம் சிவப்புத் துணி கட்டினேன். அந்தக் கன்றுக்கு நேர் மேலே நிற்கும் சீகையை வெட்டவில்லை, அடியில் சுற்றிலும் பட்டையை உரித்து நிற்கவிட்டேன், மெதுவாகக் காய்ந்து இலை உதிர்ந்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். விழுந்தால் எதையும் நசுக்காத மரத்தை மட்டும் பவர்சாவில் எடுத்தேன். இரண்டு வருஷத்தில் செலவான கடுகெண்ணெய் மூன்று லிட்டர். இன்றைக்கு அங்கே 41 செண்பகமும் நாவலும் என் தோளுக்கு மேல் நிற்கின்றன, ஓரத்தில் தவிட்டுப்பழச் செடி தானாக வந்திருக்கிறது. முதல் முக்கால் ஏக்கரில் இன்னும் ஒவ்வொரு மழைக்கும் குடும்பத்தோடு போய்ச் சீகைக் கன்று பிடுங்குகிறோம்.

இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பழைய புல்வெளியாக இருந்த இடத்தில் சீகையை நிழலுக்காக விட்டுவைப்பதில் அர்த்தமில்லை, மொத்தமாக எடுத்து வருஷா வருஷம் கன்று பிடுங்கத்தான் வேண்டும். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் நடுவில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது, நட்ட மரங்களாலும் விவசாயத்தாலும். பின்லாந்திலும் சுவீடனிலும் ஒரே மிஷின் மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை சீவி, துண்டு போட்டு ஒரு நிமிஷத்தில் அடுக்கிவிடுகிறது, அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் பெரிய மிஷின் வரட்டும் என்கிறார்கள் சிலர். அங்கே மண் இறுகாமல் இருக்கச் சீவிய கிளையையே பாதையில் பரப்பி அதன் மேல் வண்டியை ஓட்டுகிறார்கள், வெட்டினால் மறுபடி காடு எழுப்ப வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. அதோடு அது பெரும்பாலும் சமதளம். நம் சரிவில் பொக்லைன் ஏறி வேரோடு பிடுங்கினால் அடுத்த ஐப்பசி மழையில் மண் எங்கே போகும் என்பதைக் கேத்தியில் 2009-இல் நிலச்சரிவைப் பார்த்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

சரி, அந்தத் தம்பிக்குப் பதில். மிஷின் நல்ல மிஷின், ஆறு வருஷத்தில் ஒரே ஒரு ரிப்பேர், இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று நம்புகிறேன். இருந்தாலும் வாங்காதே. உன்னிடம் இருப்பது இரண்டு ஏக்கர், ஒரு வருஷத்தில் நாலு நாள் வேலை இருக்கும், மீதி நாள் கொட்டகையில் கிடந்து கோந்து கட்டும், இல்லாவிட்டால் கை சும்மா இருக்காமல் தேவையில்லாத மரத்தைப் போய் அறுக்கும். சனிக்கிழமை வந்து என்னுடையதை எடுத்துப் போ. முதலில் துணியைக் கட்டிவிட்டு வா. கடுகெண்ணெய் நான் தருகிறேன், வேறு எதையும் அதில் ஊற்றிவிடாதே.