விளக்குப் பலகைக்குப் பதில் மடிக்கணினி: 2017 முதல் என் அனுபவம்

சிங்கப்பூர்ச் சமூக மன்ற மேடைகளில் நாடகத்துக்கும் நடனத்துக்கும் விளக்கு பார்ப்பது என் வார இறுதி வேலை. 2017 முதல் அதை மடிக்கணினியிலிருந்தே செய்கிறேன். மென்பொருள் கியூஎல்சி பிளஸ். இலவசம்; விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். மேடை விளக்குகளை இயக்கும் தனி விளக்குப் பலகை வாங்கக் காசில்லாமல்தான் இதில் இறங்கினேன், மறைப்பானேன்.

விளக்குகளுக்குப் புரியும் மொழி டிஎம்எக்ஸ் 512. 1986இல் அமெரிக்காவில் வகுத்தது. ஒரு கம்பித் தொடரில் 512 சேனல்கள், அதாவது கட்டுப்பாட்டு வழிகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு. என்னிடம் இருப்பவை பன்னிரண்டு எல்இடி விளக்குகள், தலைக்கு ஏழு சேனல். முதல் விளக்கின் முகவரி, அதாவது அதன் தொடக்கச் சேனல் எண், 1; அடுத்தது 8, பிறகு 15. இரண்டு விளக்குகளுக்கு ஒரே முகவரியைக் கொடுத்துவிட்டு, இரட்டைப் பிள்ளைகள் போல் அவை ஒன்றாக நிறம் மாறுவதை அரை மணி நேரம் வெறித்துப் பார்த்த பெருமையும் எனக்கு உண்டு.

மடிக்கணினியை விளக்குகளோடு இணைக்க முதலில் வாங்கியது மலிவான யுஎஸ்பி கம்பி. அதற்குள் நுண்செயலி கிடையாது. சமிக்ஞையின் நேரக்கணக்கை மடிக்கணினியே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வேறு வேலை வந்தால் மேடையில் விளக்கு துடிக்கும். 2018இல் ஒரு பொங்கல் விழா நாடகம். தாய் இறந்து கிடக்கும் காட்சி. மின்சாரத்தைச் சேமிக்கிறேன் பேர்வழி என்று மடிக்கணினி யுஎஸ்பி துளையை உறங்க வைத்துவிட்டது. சமிக்ஞை நின்றதும் எட்டு விளக்குகள் கடைசி நிறத்திலேயே உறைந்தன. வேறு மாடலான மற்ற நான்கும் தமக்குள் இருந்த தானியங்கி ஆட்டத்துக்குத் தாவி, சிவப்பு, பச்சை, நீலம் என்று மின்னத் தொடங்கின. பிணமாகக் கிடந்த அக்காவின் வயிறு சிரிப்பில் குலுங்கியதை முன்வரிசையில் எல்லாரும் பார்த்தார்கள்.

மறுவாரமே சில நூறு வெள்ளி கொடுத்து நுண்செயலி உள்ள பெட்டியை வாங்கினேன். துடிப்பு அன்றோடு நின்றது. நிகழ்ச்சிக்கு முன் யுஎஸ்பி மின்சேமிப்பு, வைஃபை, தானியங்கிப் புதுப்பிப்பு மூன்றையும் அணைத்துவிடுகிறேன். தொடரின் கடைசி விளக்கில், சிம் லிம் டவரில் வாங்கிய 120 ஓம் மின்தடையை வைத்து நானே பற்றவைத்த முடிப்புச் செருகியை மாட்டுகிறேன். அது இல்லாவிட்டால் கம்பியின் முனையில் மோதும் சமிக்ஞை திரும்பி வந்து குழப்பும்.

பெரிய ஆதாயம் வீட்டில்தான். நமக்கு அரங்கம் கிடைப்பதே சில மணி நேரம். தோ பாயோவில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி நாற்பது காட்சிகளையும் அமைத்து, திரையிலேயே நிறம் பார்த்துவிட்டுப் போகிறேன். அங்கே போய் வெளிச்சத்தின் அளவைத் திருத்தினால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. கோயில் விளக்கு மெல்ல அணைவதுபோல் வேண்டும் என்பார் இயக்குநர். சேனலின் மதிப்பை 25லிருந்து 0க்கு முப்பது நொடியில் இறக்கினால் ஒரு படிக்கு ஒரு நொடிக்கும் மேல் ஆகிறது. படி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். விளக்கின் முன் சாம்பல் நிற வடிகட்டித் தாளை ஒட்டி, இன்னும் உயரமான எண்ணிலிருந்து இறக்குகிறேன். படிகள் கூடுகின்றன, கண் ஏமாறுகிறது.

மென்பொருளில் காலக்கோடும் உண்டு: பாட்டை ஏற்றி, இந்த நொடியில் இந்த நிறம் என்று பதித்துவிடலாம். பதிவு செய்த இசைக்கு அருமை. அந்தத் திமிரில், நேரடி இசையோடு நடந்த ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சிக்கும் ஒத்திகையில் பதிந்த காலக்கோட்டையே ஓட்டினேன். அன்று பாடகர் ஒரு வரியைக் கூடுதலாக இரண்டு முறை எடுத்தார். கண்ணன் வரும் முன்பே மேடை நீலமாகிவிட்டது. நட்டுவாங்கம் செய்த டீச்சர் இடைவேளையில் வந்து, "தம்பி, உங்கள் விளக்கு எங்களை முந்திக்கொண்டு ஓடுகிறதே, அதற்கு அவசரமாக எங்காவது போக வேண்டுமா?" என்றார்.

அதற்குப் பிறகு நேரடி இசைக்குக் காலக்கோடே கிடையாது. காட்சிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் ஸ்பேஸ் விசையைத் தட்டி நானே மாற்றுகிறேன். தட்டும் நேரம் தெரிய ஜதி தெரிய வேண்டுமாம். டீச்சர் உத்தரவுப்படி இப்போது ஞாயிறு காலைகளில் அவருடைய வகுப்பில், ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.