எட்டிமான்லைன்: 'நியூஸ்' எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போய்

நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத், இந்த நாலின் முதல் எழுத்தும் சேர்ந்ததுதான் நியூஸ் என்று ஏழாம் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் நம்பிக்கொண்டே இருந்தேன். போன மாதம் என் மகளும் அதையே நோட்டில் எழுதிக்கொண்டு வந்து காட்ட, சரி, ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று எட்டிமான்லைன் தளத்தைத் திறந்தேன். இப்போது தினமும் திறக்கிறேன்.

டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தொடங்கிய ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி இது. தளத்தில் காசு கட்டாமல் படிக்கலாம். ஒரு சொல்லைத் தட்டினால் எழுத்தில் அது முதன்முதலில் எப்போது தென்பட்டது, எந்த மொழி வழியாக வந்தது, நடுவில் பொருள் எப்படி மாறியது என்பதெல்லாம் ஒன்றிரண்டு பத்தியில் கிடைத்துவிடும்.

திசைக் கதை சுத்தமாகத் தவறு. நியூ என்ற சொல்லோடு பன்மை 'எஸ்' சேர்ந்து, 'புதியவை' என்ற பொருளில் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்ததுதான் நியூஸ். பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றைப் பார்த்துச் செய்தது. 'சேதி' என்ற பொருள் அப்புறம்தான் ஒட்டிக்கொண்டது.

அங்கிருந்து நாவலுக்குப் போனேன். இத்தாலியில் புதுக்கதைக்கு நொவெல்லா என்று பெயர், அதிலிருந்து வந்ததாம். இந்த இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாமும் நாவலைப் புதினம் என்றுதானே சொல்கிறோம்! யாழ்ப்பாணத்தில் "என்ன புதினம்?" என்றால் என்ன சேதி என்று அர்த்தம். அதே 'புது', இங்கே கதை, அங்கே செய்தி. ஆங்கிலத்தில் நியூஸும் நாவலும் பிறந்த மாதிரியே. இத்தனைக்கும் புதுவுக்கும் நியூவுக்கும் உறவே கிடையாது. லத்தீன் நோவஸ், கிரேக்க நியோஸ், சமஸ்கிருத நவ, இவைதான் நியூவின் சொந்தங்கள். நாம் தினம் எழுதும் 'நவீனம்' அந்த வழியில் வந்தது. ஏட்டில் கிடைக்காமல், உறவு மொழிகளை ஒப்பிட்டு ஊகித்த மூல வடிவங்களுக்கு முன்னால் இந்தத் தளத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுக் காட்டுகிறார்கள், அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது.

'பிராண்ட் நியூ'வில் இருக்கும் பிராண்ட் கம்பெனிப் பெயர் இல்லை, நெருப்பு. உலையிலிருந்து அப்போதுதான் எடுத்த இரும்பு போலப் புத்தம் புதுசு. ஷேக்ஸ்பியர் 'ஃபயர் நியூ' என்றே எழுதியிருக்கிறார். 1898இல் வேதியியலாளர்கள் ராம்சேயும் டிராவர்ஸும் லண்டனில் கண்டுபிடித்த நியான் வாயுவின் பெயருக்கும் 'புதியது' என்றுதான் பொருள்; அதற்கு லத்தீனில் பெயர் வைக்கச் சொன்னது ராம்சேயின் 13 வயது மகன், அப்பா அதைக் கிரேக்கத்துக்கு மாற்றிக்கொண்டார் என்று வேறு இடத்தில் படித்திருக்கிறேன்.

குறை என்றால், ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி போல நூற்றாண்டுவாரியாக எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வரிசையாக இருக்காது. ஆராய்ச்சிக்கு இது மட்டும் போதாது. எட்டிமான்லைன் தரும் ஆண்டு எழுத்தில் முதலில் கிடைத்த ஆண்டுதான், பேச்சில் அதற்கு முன்பே இருந்திருக்கலாம், அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றபடி ஆங்கிலம் படிக்கிற, மொழிபெயர்க்கிற எல்லோரும் தயங்காமல் பயன்படுத்தலாம்.

மகள் நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டாள். நேற்று அவளே கெஸட்டைத் தேடிப் பிடித்தாள்: வெனிஸில் செய்தித்தாள் வாங்கக் கொடுத்த சில்லறைக் காசின் பெயராம்.