பேஸ்மென்ட் தண்ணீர்: இன்வெர்ட்டரா, டிசி பம்பா?

சென்னை மழையில் கரன்ட் போனால் பேஸ்மென்ட் குழியில் இருக்கும் 1 எச்பி பம்பும் நின்றுவிடும். அதையே இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்றால், கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும். வீட்டு 900 விஏ இன்வெர்ட்டர் டிரிப் ஆகிவிடும். 3.5 கேவிஏவாவது வேண்டும், பேட்டரியும் நாலு. தண்ணீர் மட்டும் வேகமாக வெளியேறும்.

பேட்டரியிலேயே நேரடியாக ஓடும் 12 வோல்ட் டிசி பம்ப் 10 ஆம்பியர் எடுத்தால், நல்ல 150 ஏஎச் பேட்டரி ஒன்றே பத்து மணி நேரம் தாங்கும். 3 மீட்டர் ஏற்றினால் பெட்டியில் போட்ட அளவில் பாதிகூட வராது. ஊற்றுக் கசிவுக்கு இதுவே போதும். தெருவெள்ளம் சரிவில் இறங்கினால் போதவே போதாது.

டிசி பம்புக்குத் தனி நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) கட்டாயம். இல்லாவிட்டால் ஒரே பைப்பில் ஒரு பம்ப் தள்ளுவது மற்ற பம்பின் வழியாகக் குழிக்கே திரும்பும். டிசி பம்பின் ஃப்ளோட்டை (தண்ணீர் ஏறினால் பம்பை ஓடவைக்கும் மிதவை ஸ்விட்ச்) மெயின் பம்பின் ஃப்ளோட்டுக்கு 10 செ.மீ. மேலே கட்டுங்கள். 2.5 சதுர மி.மீ. ஒயரை 10 மீட்டர் இழுத்தால் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும்; 6 போடுங்கள். பேட்டரி தரைத்தளத்திலேயே இருக்கட்டும்.