பிழைப் பக்கம் வரவில்லையா? அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும்

அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் வலைப்பக்கங்களை அனுப்பும் சர்வர் மென்பொருள்கள். 'கேட்ட பக்கம் இல்லை' என்னும் 404 பிழைக்குச் சொந்தப் பக்கம் வைக்க இரண்டிலும் ஒரு வரி போதும்: அப்பாச்சியில் எரர்டாக்குமென்ட், என்ஜின்எக்ஸில் எரர்_பேஜ். வேகம், நினைவகம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். புதிய சர்வருக்கு எதை எடுப்பது என்று யோசித்தபோது நான் பார்த்தது ஒன்றைத்தான்: அந்தப் பக்கம் வராமல் போனால் காரணத்தை எதில் சீக்கிரம் பிடிக்கலாம்? அதற்காகவே அப்பாச்சியை எடுத்தேன்.

பிழைப் பக்கக் கோப்பே அந்த இடத்தில் இல்லையென்றால், அப்பாச்சி தன் இயல்பான பக்கத்தைக் காட்டி, எரர்டாக்குமென்டைத் தேடப் போனபோது இன்னொரு 404 வந்ததாக அதன் அடியிலேயே எழுதிவிடும். அங்கே 403 என்றிருந்தால் சிக்கல் அனுமதியில். ஒரு ஐபியைத் தடுக்க எழுதிய விதி பிழைப் பக்கத்தையும் சேர்த்து மறித்திருக்கலாம். என்ஜின்எக்ஸில் வெறும் பக்கம்தான் வரும், பிழைகள் பதிவாகும் எரர் லாக்கைத் திறந்தாக வேண்டும்.

அதைவிட முக்கியம், அமைப்புகள் உள்ளே இறங்கும் விதம். என்ஜின்எக்ஸில் சர்வர் பகுதியில் 404க்கு ஒரு பக்கம் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு லொகேஷனில் (சில முகவரிகளுக்கு மட்டுமான பகுதி) 500க்கு, அதாவது சர்வரின் உட்பிழைக்கு, மட்டும் எரர்_பேஜ் எழுதினால், அந்த லொகேஷனில் 404க்கான அமைப்பு போய்விடும். எச்சரிக்கையும் வராது. அப்பாச்சி ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகச் சேர்ப்பதால் மேலே சொன்னது அப்படியே நிற்கும்.

அப்பாச்சியிலும் சத்தமில்லாத தவறு ஒன்று உண்டு. அலவ்ஓவர்ரைடு என்ற அமைப்பு 'நன்' என்றிருந்தால், தளத்தின் கோப்புறையில் நாம் அமைப்புகளை எழுதிவைக்கும் .எச்டிஆக்செஸ் கோப்பை அது படிக்கவே படிக்காது. சந்தேகம் வந்தால் அதில் அர்த்தமில்லாத ஒரு வரியைப் போட்டுப் பாருங்கள். 500 வந்தால் படிக்கிறது, வராவிட்டால் இல்லை. பார்த்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பிழைப் பக்கத்துக்கு http என்று தொடங்கும் முழு முகவரி கொடுத்தால், 404க்குப் பதில் வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் 302 போவது இரண்டுக்கும் பொது. சர்வருக்குப் பின்னாலுள்ள செயலி அனுப்பும் பிழையை, நாம் சொல்லாதவரை இரண்டுமே மாற்றாது. அப்பாச்சியில் பிராக்ஸிஎரர்ஓவர்ரைடு, என்ஜின்எக்ஸில் பிராக்ஸி_இன்டர்செப்ட்_எரர்ஸ் என்பதை 'ஆன்' செய்ய வேண்டும்.

நான் பார்ப்பதெல்லாம் சிறிய தளங்கள். கூட்டம் அலைமோதும் தளத்துக்கு என் தேர்வு பொருந்துமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே என்ஜின்எக்ஸில் இருப்பவர்கள் இதற்காக மாறவும் வேண்டாம். என்ஜின்எக்ஸ் கட்டளையைப் பெரிய 'டி' (-T) சேர்த்து ஓட்டினால் முழு அமைப்பையும் ஒரே மூச்சில் திரையில் கொட்டிவிடும். அதில் எரர்_பேஜ் எங்கெங்கே வருகிறது என்று தேடினால் சரி.