மைட்டோகாண்ட்ரியா மாத்திரைகளுக்கு முன்பணம் கட்ட இருப்பவர்கள் கவனத்துக்கு

என்னுடைய ஒரு மாதச் சம்பளம் முழுவதும் போய்விட்டது. பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற இறுதிப் பதில் இன்று காலை வந்தது. அந்தச் சினம் ஆறுவதற்கு முன்பே, வேறு எவரும் இதே முறையில் பணத்தை இழந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். செல்களுக்குள் ஆற்றலை உருவாக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவின் உற்பத்தியைப் பெருக்குவதாகச் சொல்லி, ஊட்டச்சத்து மாத்திரைகளை ஆறு மாதத் தொகுப்பாக, முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு இணையத்தில் மட்டும் விற்கும் நிறுவனம் அது. இதே முறையில் விற்பவர்கள் வேறு பலரும் இருப்பதால் பெயரைக் குறிப்பிடாமல் முறையை மட்டும் சொல்கிறேன். வாங்க நினைப்பவர்கள் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் இறுதியில் எழுதுகிறேன்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு நீங்காமல் தங்கிவிட்ட களைப்புதான் என்னை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர்களுடைய தளத்தில் ஒரு வினாத்தாள் இருக்கிறது. பிற்பகலில் சோர்வு வருகிறதா, தூங்கி எழுந்தும் அசதி தீரவில்லையா, கவனம் சிதறுகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, முடிவில் ‘மைட்டோகாண்ட்ரியா மதிப்பெண்’ என்று நூற்றுக்கு ஓர் எண்ணைத் தருகிறது. எனக்கு 34 வந்தது. எந்தக் குறையும் இல்லாதவர்போலப் பதில் அளித்துப் பிற்பாடு சோதித்தபோதும் அது பாதியைத் தாண்டவில்லை. மைட்டோகாண்ட்ரியாவில் உண்மையிலேயே கோளாறு இருக்கிறதா என்று கண்டறிய மருத்துவர்கள் இரத்தத்தில் லாக்டேட் என்ற வேதிப்பொருளின் அளவைப் பார்க்கிறார்கள். மரபணுப் பரிசோதனை செய்கிறார்கள். தேவைப்பட்டால் தசையிலிருந்து சிறு துண்டு எடுத்தும் ஆராய்கிறார்கள். சோர்வைப் பற்றிய சில கேள்விகளால் அதை அளக்கவே முடியாது.

மதிப்பெண் வந்த அன்றே காணொளி அழைப்பில் ஓர் ஆலோசகர் பேசினார். எனக்கு நம்பிக்கை பிறந்தது அந்த உரையாடலில்தான். “ஓய்வு எடுங்கள், சரியாகிவிடும்” என்று எல்லோரும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அவர் குறுக்கே பேசாமல் நான் சொன்ன அனைத்தையும் கேட்டார். என் தாயாருக்கும் இப்படிப்பட்ட களைப்பு இருந்ததா என்று விசாரித்தார். பிறகு மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் திரையில் வரைந்து, உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களை முதலாம், இரண்டாம் புரதக் கூட்டமைப்புகளிலிருந்து மூன்றாவதுக்குக் கோஎன்சைம் க்யூ10 (அவர்கள் மாத்திரையில் இருப்பதாகச் சொல்லும் முக்கியப் பொருள்) எப்படிக் கொண்டுசேர்க்கிறது என்றும், அந்த ஓட்டத்தால் சவ்வின் ஒரு பக்கம் குவியும் புரோட்டான்கள் திரும்பி வரும்போது செல்கள் ஆற்றலுக்காகப் பயன்படுத்தும் ஏ.டி.பி. எப்படி உருவாகிறது என்றும் பொறுமையாக விளக்கினார். 1957இல் ஃபிரெடரிக் கிரேன் மாட்டின் இதயத் திசுவிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்ததையும், புரோட்டான்களைப் பற்றிய கோட்பாட்டுக்காக பீட்டர் மிட்செல் 1978இல் நோபல் பரிசு பெற்றதையும் சொன்னார். அழைப்பு முடிந்ததும் ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்தேன். அனைத்தும் உண்மை. போதாக்குறைக்கு, “அவசரம் வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள்” என்றும் சொல்லியிருந்தார். முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டுமா என்று நான் கேட்டதற்கு, “சாதாரண இரத்தப் பரிசோதனையில் மைட்டோகாண்ட்ரியாவின் நிலை தெரியாது” என்றார். சொல்லளவில் அதுவும் உண்மைதான். மறுநாள் ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டினேன்.

அவர்களுடைய ஏமாற்று எங்கே இருக்கிறது என்பதை வாசகர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். கோஎன்சைம் க்யூ10ஐ நம் உடலே தயாரித்துக்கொள்கிறது. ஒரு பொருள் ஆற்றல் உற்பத்தியில் பங்கு பெறுகிறது என்பதால், அதைக் கூடுதலாக விழுங்கினால் உற்பத்தியும் கூடிவிடும் என்று ஆகாது. அந்த இடைவெளியைத்தான் அவர்கள் பேச்சால் மூடிவிடுகிறார்கள். 2014இல் வெளியான கியூ-சிம்பியோ ஆய்வை ஆலோசகர் எனக்குக் காட்டினார். இதயச் செயலிழப்பு உள்ள 420 நோயாளிகளிடம், வழக்கமான சிகிச்சையுடன் கோஎன்சைம் க்யூ10ஐ நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் கிடைத்ததாகச் சொல்லும் ஆய்வு அது. என் இதயத்தில் எந்தக் குறையும் இல்லை. அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வில், பார்கின்சன் நோயாளிகள் 600 பேரிடம் 1200, 2400 மில்லிகிராம் வரை கொடுத்தும் பலன் தெரியாததால் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. பிறவியிலேயே இந்தப் பொருள் குறைவாக உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இது உண்மையாகவே உதவுகிறது. அப்படிப்பட்ட மருந்தின் பெயரை வைத்துக்கொண்டு, களைத்துப்போன எவரிடமும் பணம் பறிக்கிறார்கள் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

வந்த புட்டிகளில் ஒன்றின் மீது ‘யூபிகுவினோன் 200 மில்லிகிராம்’ என்று அச்சிட்டிருந்தது. கோஎன்சைம் க்யூ10இன் இன்னொரு பெயர் அது. மற்றொன்றில் கார்னிடைன், ஆல்பா லிபோயிக் அமிலம் உள்ளிட்ட பல பெயர்கள் இருந்தன. எது எவ்வளவு என்று இல்லாமல், ‘தனியுரிமைக் கலவை’ என்று மொத்த எடையை மட்டும் போட்டிருந்தார்கள். வாரக்கணக்கில் விழுங்கியும் களைப்பு இம்மியும் குறையாததால், முதல் புட்டியிலிருந்து ஒரு கேப்சூலைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது வெள்ளைத் தூள். யூபிகுவினோன் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறமுடைய தூள். அதில் 200 மில்லிகிராம் இருந்திருந்தால் அந்த நிறம் கண்ணில் படாமல் போயிருக்காது.

அதன் பிறகு கிடைத்த பதில்களைச் சொல்கிறேன். பலன் இல்லை என்று முதலில் எழுதியபோது, உடல் நச்சுகளை வெளியேற்றும் கட்டம் இது, மாத்திரையை இரட்டிப்பாக்குங்கள் என்றார்கள். நிறத்தைப் பற்றிக் கேட்டபோது, நானோ தொழில்நுட்பத்தால் நிறம் நீங்கிவிட்டது என்றார்கள். ஆய்வகச் சான்றிதழைக் கேட்டபோது ஒரு படத்தை அனுப்பினார்கள். அதிலிருந்த தொகுதி எண் என் புட்டியில் இருந்த எண்ணுடன் பொருந்தவில்லை. அதைச் சுட்டிக்காட்டியதும், அந்த ஆலோசகர் இப்போது பணியில் இல்லை என்ற பதில் வந்தது. அடுத்து, தொண்ணூறு நாள் உத்தரவாதத்தின்படி என் ஒரு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டேன். உத்தரவாதம் செல்ல வேண்டுமானால் தொண்ணூறு நாளும் தவறாமல் உட்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு விதி சொல்கிறது. திருப்பி அனுப்பும் புட்டிகள் அனைத்தும் முத்திரை உடையாமல் இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி சொல்கிறது. இரண்டையும் ஒருவர் எப்படி நிறைவேற்ற முடியும் என்று கேட்டேன். “உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது” என்பதுதான் இன்று காலை வந்த பதில்.

இதற்கிடையே மருத்துவரிடம் போனேன். அவர் எழுதிக் கொடுத்தது அதே சாதாரண இரத்தப் பரிசோதனைதான். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகவும் குறைந்திருந்தது. ஆலோசகர் திரையில் வரைந்த அந்தப் புரதக் கூட்டமைப்புகள் இயங்குவதற்கு இரும்பு இன்றியமையாதது. எலக்ட்ரான்களைக் கைமாற்றுவதில் அவற்றில் உள்ள இரும்பு–கந்தகத் தொகுப்புகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. இவ்வளவும் தெரிந்தவர் அந்தப் பரிசோதனை தேவையில்லை என்று எனக்குத் தோன்றும்படி பேசினார். ஒரு மாதச் சம்பளத்துடன், சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டிய காலமும் வீணாய்ப் போயிற்று.

விரிவாக எழுத இப்போது மனம் ஒத்துழைக்கவில்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பல மாதங்களுக்கான பணத்தை ஒரேயடியாகக் கட்டாதீர்கள். ஒவ்வொரு பொருளும் எத்தனை மில்லிகிராம் என்று எழுதாத புட்டியை வாங்காதீர்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்றது என்று ஊட்டச்சத்து மாத்திரையில் அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த அமைப்பு இவற்றுக்கு விற்பனைக்கு முன் ஒப்புதல் அளிப்பதே இல்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கோஎன்சைம் க்யூ10ஐத் தொடவே கூடாது, ஏனெனில் அது அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கக்கூடும். நீரிழிவு மருந்து எடுப்பவர்களுக்கு ஆல்பா லிபோயிக் அமிலம் சர்க்கரையை மேலும் இறக்கிவிடலாம். களைப்பு நீடித்தால் இரத்த அணுக்கள், ஃபெரிட்டின், தைராய்டு, பி12 ஆகியவற்றை முதலில் பாருங்கள். உங்கள் வங்கி அட்டை எண் இத்தகைய நிறுவனத்திடம் இருக்குமானால், தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை வங்கியிடம் சொல்லி இன்றே நீக்குங்கள். அடுத்த ஆறு மாதத் தொகுப்புக்கு அதே தொகையை என் கணக்கிலிருந்து எடுக்க அவர்கள் நேற்றும் முயன்றிருக்கிறார்கள்.